கூர்மையே காவல்

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி, விடியுமுன், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணி, புதுக்கோட்டைப் பக்கங்களில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போயிற்று. சாலையை மறித்துக் கிடந்த மரங்களையும், கூரையை நொறுக்கிக்கொண்டு கிடந்த மரங்களையும், தோப்புக்குள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவிந்து கிடந்த மரங்களையும் அறுத்து அகற்ற வேண்டிய பெரும் பொறுப்பு தலைமேல் வந்து விழுந்தபோது, கோடாலியையும் கைரம்பத்தையும் நம்பி இது ஆகிற காரியமன்று என்று கண்ட ஜனங்கள் தேடிப் போன சாதனம், ‘செயின் சா’ என்றும் ‘மரம் அறுக்கிற மிஷின்’ என்றும் வழங்கப்படும் சங்கிலி ரம்பம். 2011 டிசம்பர் 30-ல் வீசிய தானே புயலுக்குப் பின் கடலூர்ப் பக்கத்துப் பலா, முந்திரித் தோப்புகளிலும், 2016 டிசம்பர் 12-ல் வீசிய வர்தா புயலுக்குப் பின் சென்னைத் தெருக்களிலும் கேட்ட அதே இரைச்சல்தான் டெல்டாவிலும் கேட்டது. இன்று புயலில்லாத காலத்திலும், சவுக்குத் தோப்பு, தைலமரக் காடு, மரவாடி, விறகுக் கடை என்று அது புழங்காத இடம் அரிது.

மேலொருவரும் கீழொருவருமாக நின்று இழுக்கும் பெரிய ரம்பத்தால் மரம் அறுத்த காலத்தில், அந்தத் தொழில் கைக்கு வருவதற்கே நெடுநாள் பிடித்தது. பழகாதவன் கையில் ரம்பம் அசைந்து கொடுக்காது. ஆகையால் தொழில் தெரியாதவன் தன்னைத் தானே பெரிய ஆபத்தில் மாட்டிக்கொள்வதற்கு அந்தக் கருவியே இடம் தருவதில்லை. இந்த இயந்திரத்தின் விஷயம் அவ்வாறன்று. விலையைக் கொடுத்து வாங்கியவன் எவனாயினும், வாங்கிய அன்றைக்கே, முழு வேகத்துடன் அவனுக்கு ஏவல் செய்ய அது ஆயத்தமாக இருக்கிறது. குரு சிஷ்ய முறையில் படிப்படியாக வந்துகொண்டிருந்த பயிற்சி என்னும் தடுப்பு நடுவிலே காணாமற் போய்விட்டது. அந்த இடத்தை நிரப்பக்கூடியது கருவியைப் பற்றிய அறிவொன்றே. அந்த அறிவிலும், ரம்பத்தை அபாயமின்றிப் பிரயோகிப்பது ஒரு வித்தை, அதைப் பழுதின்றிப் பராமரிப்பது வேறொரு வித்தை என்று பலரும் பிரித்து எண்ணிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றேயென்பதையும், நன்றாகத் தீட்டிய சங்கிலியே அறுப்பவனுக்கு முதற்காவல் என்பதையும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரத்தை வெட்டுவதற்கென்று பிறந்த கருவியன்று இது என்று சொன்னால் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து வைத்தியர்களான ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற இருவர், பிரசவம் தடைப்பட்ட தாய்மாரின் இடுப்பெலும்பு இணைப்பை அறுக்கவும், நோயுற்ற எலும்பை நீக்கவும், பற்களோடு கூடிய மெல்லிய சங்கிலியொன்றை உபயோகத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1830-ஐ ஒட்டி ஜெர்மானியரான பெர்ன்ஹார்ட் ஹைனே, அப்படிப்பட்ட சங்கிலியை ஓர் அலகின் விளிம்பைச் சுற்றி ஓடும்படி அமைத்து, கைப்பிடியைச் சுழற்றி எலும்பறுக்கும் கருவியாக்கினார். அங்கிருந்து அது காட்டுக்குள் வந்து சேர ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1926-ல் ஆந்திரேயாஸ் ஸ்டீல் மின்சாரத்தால் ஓடும் சங்கிலி ரம்பத்தைச் செய்தார். 1927-ல் எமில் லெர்ப் என்பவர் துரிங்கியாவிலுள்ள டோல்மார் மலையில் பெட்ரோல் ரம்பமொன்றை ஓட்டிப் பார்த்தார்; அந்த மலையின் பெயரே அவர் நிறுவனத்தின் பெயரும் ஆயிற்று. 1929-ல் ஸ்டீலும் பெட்ரோல் ரம்பத்தை வெளியிட்டார். இவையெல்லாம் இருவர் சேர்ந்து தூக்கிச் செலுத்த வேண்டிய பாரமான இயந்திரங்கள். ஒருவரே ஏந்தத்தக்க ரம்பங்கள் பரவியது 1950-க்குப் பிறகுதான்.

ஆயினும், இந்தக் கருவியின் சரித்திரத்தில் மிகவும் ருசிகரமான கட்டம் எஞ்சினைப் பற்றியதன்று, பல்லைப் பற்றியது. ஆரம்பகாலச் சங்கிலிகளின் பற்கள் கைரம்பத்தின் பற்களைப் போலவே மரத்தைப் பிறாண்டி அறுத்தன. அவற்றைத் தீட்டுவதே ஒரு நாள் வேலை. 1946-ல், அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், மரம் வெட்டும் தொழிலாளியாயிருந்த ஜோசப் பியூஃபர்ட் காக்ஸ், ஓர் அடிக்கட்டையில் வண்டுப்புழுவொன்று, நாரின் போக்கிலும் குறுக்கிலும் ஒரே எளிமையுடன், வளைந்த தாடைகளால் இடமும் வலமுமாக மாறி மாறிச் சீவித் தள்ளிக்கொண்டு முன்னேறுவதைக் கண்டு, அந்தத் தாடையின் வடிவத்தையே எஃகில் அமைத்துப் பார்த்தார். 1947-ல் விற்பனைக்கு வந்த அவருடைய சங்கிலியின் வம்சத்தில் வந்தவையே இன்று உலகெங்கும் ஓடும் சங்கிலிகள். ஆகவே, இன்றைய சங்கிலி ரம்பம், பெயரளவில் ரம்பமாயினும், செய்கையால் தச்சனுடைய இழைப்புளியின் இனத்தைச் சேர்ந்தது. அது பிறாண்டுவதில்லை, சீவுகிறது. சீவுகிற கருவிக்குக் கூர்மை எவ்வளவு அவசியமென்பதைத் தச்சருக்குச் சொல்ல வேண்டியதில்லை. செயின் சா பிடிக்கிறவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சங்கிலியின் பற்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்து நிற்கின்றன. ஒவ்வொரு வெட்டுப்பல்லுக்கும் முன்னால், அதைவிடச் சற்றுத் தாழ்ந்து ஒரு மழுங்கிய முனை இருக்கிறது. பல் ஒரு தடவைக்கு எவ்வளவு மரத்தைக் கடிக்கலாமென்று வரையறுப்பது அதுவே ஆதலால், அதை ஆழமானி என்று நாம் சொல்லலாம். சாதாரணமாக, பல்லின் உச்சிக்கும் ஆழமானியின் உச்சிக்கும் உள்ள வித்தியாசம் 0.65 மில்லிமீட்டர்தான். ‘பார்’ என்று மெக்கானிக்குகள் சொல்லும் நீண்ட இரும்புப் பட்டையின் விளிம்பிலுள்ள பள்ளத்தில் சங்கிலியின் அடிக்கண்ணிகள் ஓடுகின்றன. எஞ்சின் மெதுவாக உறுமிக்கொண்டிருக்கும் வரையில் சங்கிலி நிற்கும். ஆக்சிலேட்டரை அழுத்தினால் கிளட்ச் பற்றிக்கொண்டு, சங்கிலி வினாடிக்கு 20 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில், அதாவது மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல், ஓடத் தொடங்கும். அவ்வேகத்தில் ஓடும் பல் வரிசை மாம்சத்தின்மேல் பட்டால், அது கத்தி வெட்டைப் போல் கீறிவிட்டுப் போவதில்லை. சதையையும் நரம்பையும் சீவி எடுத்துக்கொண்டு போகிறது.

இந்த வேகத்திலிருந்து பிறக்கும் அபாயங்களில் தலையாயது, ரம்பம் திடீரென்று பின்னோக்கி எகிறுவது. சங்கிலி, பட்டையின் மேல்விளிம்பில் முனையை நோக்கி ஓடி, முனையைச் சுற்றி வளைந்து, கீழ்விளிம்பு வழியாக எஞ்சினை நோக்கித் திரும்புகிறது. கீழ்விளிம்பால் அறுக்கும்போது ரம்பம் மரத்தை நோக்கி இழுக்கப்படும். மேல்விளிம்பால் அறுக்கும்போது நம்மை நோக்கித் தள்ளும். இரண்டும் கைக்கு அடங்கிய விஷயங்களே. ஆனால் முனையின் மேற்பாதி, அறுக்கிற மரத்துக்கு அப்பால் மறைந்திருக்கும் கிளையையோ, பக்கத்திலுள்ள மற்றொரு கட்டையையோ தொட்டுவிட்டால், பற்கள் சீவ முடியாமல் அங்கே சிக்கி, சங்கிலியின் முழு வேகமும் பட்டையின்மீது திரும்பி, மனிதன் நினைத்து எதிர்ச்செயல் செய்வதற்கு வேண்டிய அவகாசத்துக்குள்ளாகவே, ரம்பம் மேல்நோக்கியும் பின்நோக்கியும் வில்லாக வளைந்து வந்து, அறுப்பவனுடைய முகத்தையோ கழுத்தையோ தோளையோ தாக்குகிறது. வலிமை மிக்கவன் பிடித்துக்கொள்வான் என்று நம்புவது வீண். அந்த வேகத்துக்கு முன்னால் பயில்வானும் பாலகனும் ஒன்றே.

ஆதலால் இதற்குப் பரிகாரம், நிகழாமல் தடுப்பதும், நிகழ்ந்தாலும் உடம்பு அதன் வழியில் இராமல் பார்த்துக்கொள்வதுமே. முனை எங்கேயிருக்கிறதென்பதை ஒவ்வொரு கணமும் அறிந்திருக்க வேண்டும். இடது கை முன்பிடியை, கட்டைவிரல் கீழே சுற்றி மற்ற விரல்களைச் சந்திக்கும்படி, இறுகப் பிடித்திருக்க வேண்டும்; கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு மேலேயே வைத்துப் பிடிப்பவன் கையிலிருந்து ரம்பம் நழுவிவிடும். வலது கை பின்பிடியை விடக்கூடாது. ஒற்றைக் கையால் அறுப்பது சாமர்த்தியமல்ல. உடம்பு, சங்கிலி ஓடும் கோட்டுக்கு நேரே நில்லாமல், இடப்பக்கம் சற்று விலகி நிற்க வேண்டும். தோளுக்கு மேலே ரம்பத்தைத் தூக்கி அறுப்பதும், ஏணியின்மீது நின்று அறுப்பதும் எக்காலத்திலும் கூடாதவை. 1970-களின் தொடக்கத்தில் வழக்கத்துக்கு வந்த சங்கிலித் தடை, இடது கைக்கு முன்னாலுள்ள காப்பு மட்டை மணிக்கட்டில் மோதியவுடனேயோ, ரம்பம் எகிறுகிற விசையினாலேயோ, சங்கிலியைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. இந்தத் தடை வேலை செய்கிறதா என்று தினந்தோறும் பரீட்சித்துப் பார்க்க அரை நிமிஷம்கூட ஆகாது: எஞ்சினை ஓட்டி, சங்கிலியைச் சிறிது வேகமாக ஓடவிட்டு, மட்டையை முன்னே தள்ளினால், சங்கிலி உடனே நிற்க வேண்டும். நில்லாத இயந்திரத்தை அன்றைக்கு வேலைக்கு எடுத்துப் போகக் கூடாது. இழுத்து அறுக்கும்போது தொந்தரவாக இருக்கிறதென்று அந்த மட்டையையே கழற்றி எறிந்துவிட்ட இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்காதிருப்பதே அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய உபதேசம். சாணை பிடிக்கும் கை கிரைண்டரில் சங்கிலி வட்டைப் பொருத்தி மரம் அறுக்கும் வழக்கத்தையும் இங்கேயே கண்டிக்க வேண்டும். நிறுத்தத் தடையுமில்லாமல், இரு கைகளுக்கும் சரியான பிடியுமில்லாமல், மரத்துக்கென்று செய்யப்படாத ஒரு சாதனத்தில் அந்தப் பற்களைச் சுழலவிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

உடையைப் பற்றிச் சொல்லும்போது, நம் ஊர்களில் மடித்துக் கட்டிய கைலியும், ரப்பர் செருப்பும், தலையில் ஒரு துண்டுமாக இந்த வேலை நடப்பதை யாரும் மறுக்க முடியாது. ரம்பத்துக்கென்று தயாரிக்கப்படும் கால் உறைகளின் உள்ளே பல அடுக்குகளாக நீண்ட செயற்கை நார்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. சங்கிலி மேல்துணியைக் கிழித்தவுடன் அந்த நார்களைக் கொத்துக் கொத்தாக உள்ளே இழுத்துக்கொண்டு போய், எஞ்சினருகிலுள்ள பற்சக்கரத்தில் சுற்றி, தானே அடைபட்டு நின்றுவிடுகிறது. நம் வெயிலில் முழுக்கால்சட்டையாக அதை அணிவது கஷ்டமென்றால், முன்பக்கத்தை மாத்திரம் மூடும்படி கட்டிக்கொள்ளும் வகையும் உண்டு. தலைக்கவசம், கண்ணை மறைக்கும் வலை அல்லது கண்ணாடி, விரல் முனையில் இரும்பு வைத்த பூட்ஸ், கையுறை, காது மூடி ஆகியவையும் வேண்டும். காது மூடியை அலட்சியப்படுத்துவோர் அநேகர். இந்த எஞ்சினின் ஓசை 100 டெசிபெலுக்கு மேல். நாள் முழுவதும் 85 டெசிபெல் சத்தத்தில் வேலை செய்தாலே செவி பழுதாகத் தொடங்குமாதலால், மூடியில்லாமல் இத்தொழிலைச் செய்பவர் நாற்பது வயதில் அரைச் செவிடராவது விதியன்று, அசிரத்தையின் பலன். கைப்பிடியின் அதிர்வும் இவ்வாறே மெல்ல மெல்ல விரல்களின் ரத்தக்குழாய்களையும் நரம்புகளையும் கெடுத்து, விரல்களை வெளுத்து மரத்துப்போகச் செய்கிறது. அதிர்வைத் தாங்கும் ரப்பர்க் கட்டைகள் தேய்ந்திருந்தால் மாற்றுவதும், இடையிடையே இளைப்பாறுவதும் இதற்கு மருந்து.

எஞ்சினைப் பொறுத்தவரை, இது பழைய ஸ்கூட்டர்களின் எஞ்சினைப் போலவே இரண்டு வீச்சு எஞ்சின். தனியாக எஞ்சின் ஆயில் இல்லாதபடியால், பெட்ரோலோடு கலக்கும் 2-டி ஆயிலே அதன் உள்ளுறுப்புகளுக்கு வழவழப்பைத் தருகிறது. வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டினால் பிஸ்டன் சில நிமிஷங்களில் இறுகிப்போகும். இயந்திரத்தோடு வரும் கையேட்டில் 50-க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில், 25-க்கு 1 என்றிருந்தால் 40 மில்லி. இதைக் கண்ணளவாக ஊற்றாமல் அளவுக் குப்பியால் அளந்து ஊற்றுவதே நலம். இக்காலத்துப் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதாலும், எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையதாதலாலும், ஒரு மாதத்துக்கு மேல் கலவையைச் சேமித்து வைக்கக் கூடாது. வேலையில்லாத நாட்களில் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானே நிற்கும் வரையில் ஓட்டிவிட்டு எடுத்து வைக்க வேண்டும். சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றுவது தீயை அழைப்பதாகும். ஆறவிட்டு ஊற்றி, சிந்தியதைத் துடைத்து, ஊற்றிய இடத்திலிருந்து மூன்று மீட்டர் தள்ளிப் போய்த்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போதும், ரம்பத்தைத் தரையில் வைத்து, சங்கிலித் தடையைப் போட்டு, இடது கையால் முன்பிடியை அழுத்தி, வலது பாதத்தைப் பின்பிடிக்குள் நுழைத்து ஊன்றிக்கொண்டு கயிற்றை இழுப்பதே முறை. ஒரு கையில் ரம்பத்தைத் தொங்கவிட்டு மறு கையால் வீசி இழுப்பது கண்ணுக்கு லாவகமாகத் தோன்றலாம். காலுக்கு அது உகந்ததன்று.

சங்கிலிக்கென்று தனி ஆயில் டேங்க் ஒன்று இருக்கிறது. பழைய எஞ்சின் ஆயிலை இதில் ஊற்றிச் சிக்கனம் செய்வோர், அதிலுள்ள இரும்புத் துகள்கள் பட்டையின் பள்ளத்தையும் ஆயில் பம்பையும் அரித்துத் தின்றுவிடுவதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆயில் வருகிறதா என்று தெரிந்துகொள்ள, பட்டையின் முனையை ஒரு வெளிறிய கட்டைக்கு மேலே, தொடாமல், நீட்டிப் பிடித்து வேகத்தைக் கூட்டினால், மெல்லிய எண்ணெய்க் கோடொன்று அதன்மேல் விழ வேண்டும்.

இனி, கூர்மையைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்வோம். சங்கிலி கூராக இருக்கிறதா என்பதை மரத்தூளே சொல்லிவிடும். தடித்த சீவல்களாக வந்து விழுந்தால் சங்கிலி நன்றாயிருக்கிறது. மாவு போன்ற பொடியாக வந்தால் மழுங்கிவிட்டது. மழுங்கிய சங்கிலி தானாக மரத்துக்குள் இறங்குவதில்லையாதலால், அறுப்பவன் தன் பலத்தைப் போட்டு அழுத்துகிறான். அழுத்தும்போது உடம்பின் பாரம் ரம்பத்தின்மேல் சாய்கிறது. சாய்ந்த உடம்பு, வெட்டு முடிந்து ரம்பம் விடுபடும்போதும், முனை எதிலாவது இடறி எகிறும்போதும், நிதானத்தை மீட்டுக்கொள்ள முடியாமற் போகிறது. சங்கிலி சூடேறி நீள்கிறது, நீண்டது பள்ளத்தைவிட்டுக் கழலுகிறது, அதிர்வு அதிகமாகிறது, கை சோர்கிறது, சோர்ந்த கை தவறு செய்கிறது. இப்படி, அரை மணி நேரத்துக்கு முன்பே அரத்தால் இரண்டு தள்ளல் தள்ளியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய விபத்தை, பின்னர் ‘கைத்தவறு’ என்று எழுதி முடித்துவிடுகிறோம்.

தீட்டுவதற்கு வேண்டிய அரங்கள் இரண்டே: சங்கிலியின் அளவுக்கேற்ப 4, 4.8 அல்லது 5.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை அரம் ஒன்று, ஆழமானியைத் தேய்க்கத் தட்டை அரம் ஒன்று. எஞ்சினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றி, பட்டையை ஒரு கட்டையில் அசையாமல் இறுக்கி, மிகவும் தேய்ந்த பல் எதுவென்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மற்றப் பற்களெல்லாம் அதன் நீளத்துக்கே வர வேண்டுமாதலால், அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். பெரும்பாலான சங்கிலிகளில், பல்லின் மேல்தகட்டில் கோணத்தைக் காட்டும் ஒரு கோடு இருக்கும். அது வழக்கமாக 30 பாகை. அரத்தை அந்தக் கோட்டுக்கு ஒத்தாற்போல் மட்டமாகப் பிடித்து, பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறம் நோக்கி ஒரே சீராகத் தள்ள வேண்டும். திரும்பி வரும்போது அரம் பல்லைத் தொடக்கூடாது. மூன்று தள்ளல் என்றால் எல்லாப் பற்களுக்கும் மூன்றே. ஒரு பக்கத்துப் பற்களை முடித்துக்கொண்டு, மறுபக்கம் வந்து நின்று மற்றவற்றைத் தீட்ட வேண்டும். பல்லின் விளிம்பை வெயிலில் சாய்த்துப் பார்த்தால், மழுங்கிய விளிம்பில் வெள்ளை மினுக்கமாக ஒரு கீற்றுத் தெரியும்; அந்தக் கீற்று அறவே மறைவதுதான் கூர்மை வந்ததற்கு அடையாளம். ஒரு பக்கத்துப் பற்கள் நீண்டும் மறுபக்கத்துப் பற்கள் குறைந்தும் இருந்தால், வெட்டு நேராகப் போகாமல் ஒரு பக்கம் வளைந்துகொண்டே போகும்.

பல் தேயத் தேய அதன் உயரமும் குறைவதால், நாலைந்து தடவை தீட்டிய பிறகு ஆழமானியையும் அளவுத்தகடு வைத்து, 0.65 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும்படி, தட்டை அரத்தால் தேய்க்க வேண்டும். இங்கே ஆசை கூடாது; அதிகம் தேய்த்தால் வேகமாக அறுக்குமென்று அளவுக்கு மீறித் தேய்ப்பவர்கள், பல் அகலக் கடித்து மரத்தில் சிக்கும்படி செய்து, ரம்பம் எகிறுவதற்குத் தாங்களே ஏற்பாடு செய்தவர்களாகிறார்கள். ஒவ்வொரு தடவை பெட்ரோல் ஊற்றும்போதும் அரத்தால் இரண்டு தள்ளல் என்று பழக்கப்படுத்திக்கொண்டவருக்குச் சங்கிலியின் ஆயுளும் நீளும், வேலையும் குறையும்.

சங்கிலியின் இறுக்கமும் அவ்வப்போது கவனிக்கத்தக்கது. ஆறிய நிலையில், சங்கிலி பட்டையின் கீழ்விளிம்பை ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதே சமயம், கையுறை போட்ட கையால் இழுத்தால் தடையின்றி ஓடவும் வேண்டும். தளர்ந்த சங்கிலி கழன்று பாய்வதற்கு அஞ்ச வேண்டும். சூட்டில் நீண்ட சங்கிலியை இறுக்கி ஓட்டியிருந்தால், வேலை முடிந்தவுடன் தளர்த்திவிட வேண்டும். இல்லையேல் அது ஆறிச் சுருங்கும்போது எஞ்சின் தண்டையும் அதன் தாங்குருளைகளையும் இழுத்துக் கெடுக்கும். பட்டையை அடிக்கடி புரட்டிப் போட்டால் இரு விளிம்பும் சமமாகத் தேயும். அதன் பள்ளத்திலும் ஆயில் துளையிலும் அடைந்திருக்கும் தூளைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஏர் ஃபில்டரைத் தினம் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். ஆக்சிலேட்டரைத் தொடாதபோதும் சங்கிலி ஊர்ந்துகொண்டிருந்தால், கார்புரேட்டரைச் சரிசெய்யாமல் அந்த இயந்திரத்தைத் தொடக்கூடாது. இப்போது பரவிவரும் பாட்டரி ரம்பங்களுக்கு எஞ்சின் உபத்திரவம் இல்லை. ஆனால் பல்லும் சங்கிலியும் அவற்றிற்கும் உண்டாகையால், பாட்டரியைக் கழற்றிய பிறகே அவற்றின் சங்கிலியில் கை வைக்க வேண்டும்.

நிற்கும் மரத்தை வீழ்த்துவது தனிச் சாஸ்திரம். விழவேண்டிய திசையில், அடிமரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நாலில் ஒரு பங்கு ஆழத்துக்கு, வாய் போல் ஒரு வெட்டு வெட்டிக்கொண்டு, பின்பக்கத்திலிருந்து அறுத்து வர வேண்டும். முற்றிலும் அறுத்துவிடாமல், விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு மரத்தை நடுவே விட்டுவைத்தால், அதுவே கதவுக்குக் கீல் போலிருந்து மரத்தைச் சொன்ன திசையில் இறக்கிவிடும். அதையும் அறுத்துவிட்டால் மரம் யாருக்கும் கட்டுப்படாது. அறுக்கத் தொடங்குமுன்பே, விழும் திசைக்கு எதிரே இரு பக்கமும் சாய்வாக ஓடித் தப்பும் வழிகளைச் செடிகொடி நீக்கி வைத்திருக்க வேண்டும். வேடிக்கை பார்ப்போரும், வடம் கட்டி இழுப்போரும், மரத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கு தூரத்துக்கு அப்பால் நிற்க வேண்டும். தென்னையையும் பனையையும், வைரம் வெளியே இருப்பவையாதலால், மரமென்னாமல் புல் வகையில் சேர்த்தது தொல்காப்பியம். அந்த வெளிவைரம்தான் சங்கிலியை வெகு சீக்கிரம் மழுக்குவது. தென்னையை அறுப்பவர் அரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகக் கூடாது.

புயலில் விழுந்து கிடக்கும் மரமோ, நிற்கும் மரத்தைவிட வஞ்சகமானது. இரு முனையும் தாங்கப்பட்டு நடுவே தொங்கும் மரத்தில் மேற்பக்கம் நெருங்கியும் கீழ்ப்பக்கம் விரிந்தும் இருக்கும். ஒரு முனை மாத்திரம் தாங்கப்பட்ட மரத்தில் இது தலைகீழாகும். நெருங்கிய பக்கத்தில் சிறிது அறுத்துவிட்டு, பிறகு விரிந்த பக்கத்திலிருந்து அறுத்து முடிப்பதே விதி. மாற்றிச் செய்தால், மரம் வெடித்துப் பிளந்து எறியும், அல்லது பட்டையைக் கவ்விக்கொள்ளும். கவ்விக்கொண்ட ரம்பத்தை ஆட்டி அசைத்துப் பிடுங்க முயன்றால் ஆப்பசைத்த குரங்கின் கதைதான். எஞ்சினை நிறுத்தி, மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன ஆப்பை வெட்டில் அடித்து, வாயைத் திறந்து எடுக்க வேண்டும். வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டை அறுத்தவுடன், மண்ணோடு கூடிய வேர்ப்பாகம் சடாரென்று பழைய குழியில் எழுந்து உட்கார்ந்துவிடுவதும் உண்டு. அந்தக் குழியில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்கவில்லை என்று பார்க்காமல் ரம்பத்தை எடுக்கவே கூடாது. மின்கம்பி பட்டிருக்கும் மரத்தை, மின்வாரியத்தார் வந்து மின்சாரத்தை நிறுத்தியதை உறுதி செய்துகொள்ளாமல், ஊரே அவசரப்படுத்தினாலும் தொடலாகாது.

தனியே போய் இந்த வேலை செய்யக்கூடாது. கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும். காயம் பட்டால் சுத்தமான துணியை வைத்து அழுந்தப் பிடித்து, 108-க்குச் சொல்ல அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். களைத்துப் போன மாலைப் பொழுதில் ‘இன்னும் ஒரே மரம்’ என்று தொடங்குவதும், குடித்துவிட்டுத் தொடுவதும், இத்தொழிலில் மன்னிப்பில்லாத குற்றங்கள்.

கடைசியாக, மரம் வைத்திருக்கும் குடியானவர்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மரத்துக்கு இவ்வளவு என்று பேசிக் கூலியைக் குறைத்துக்கொண்டே போனால், அறுக்கிறவர் அரத்தை எடுக்கும் நேரத்தைத்தான் முதலில் குறைப்பார். ஆகையால், அடுத்த தடவை உங்கள் தோப்பில் மரம் அறுக்க ஆள் வந்தால், கூலி பேசுவதற்கு முன் அவருடைய சங்கிலியைப் பாருங்கள், தடை மட்டை இருக்கிறதா என்று பாருங்கள், பையில் அரம் இருக்கிறதா என்று கேளுங்கள். அரம் வைத்திருப்பவருக்கு ஐம்பது நூறு கூடக் கொடுத்தாலும், அது உங்களுக்கு லாபமே.